கோப்பில் உள்ளது

சட்டக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், நகலெடுக்கும் அறையைத் தாண்டினால் ஓர் ஒடுக்கமான அறை வரும். நாலு மேசை, ஏழு நாற்காலி; அதில் ஒன்றுக்குக் கை கிடையாது. சுவரை அடைத்துக்கொண்டு பதினொரு இரும்பு அலமாரிகள். சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன, பிறந்தபின் யாரை என்ன பாடு படுத்துகின்றன என்று ஆராயும் இதழ் ஒன்று இங்கிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வெளிவருகிறது. நடத்துகிறவர்கள் மாணவர்கள். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது, திருத்துவது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அவர்களேதான். பெரிய பெரிய பேராசிரியர்கள் அனுப்பும் கட்டுரைகளை இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் சிவப்பு மையால் கீறித் தள்ளுவார்கள். பேராசிரியர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் போகாமல் இருப்பவள் ஒருத்தி. தட்டச்சு, தபால், அச்சகத்தோடு மல்லுக்கட்டு, அலமாரிச் சாவி எல்லாம் அவள் பொறுப்பு. எந்த வருடத்துப் பிள்ளைகள் முதலில் கூப்பிட ஆரம்பித்தார்களோ தெரியாது, அவளுக்குக் கோப்பம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தேர்வாகும் மாணவ ஆசிரியருக்கு ‘தலை’ என்று பெயர் வைத்தாள். இந்த வருஷத் தலை, போன வருஷத் தலை, அதற்கு முந்தின வருஷத் தலை. இத்தனை தலைகளையும் பார்த்த கர்வம் அவளுக்கு உண்டு.

அந்த அறையில் ஒரே ஒரு விதிதான் கல்லில் செதுக்கிய மாதிரி. காகிதம் இல்லாமல் அடிக்குறிப்பு இல்லை. கட்டுரையில் யார் என்ன சொன்னாலும், அதற்கு ஆதாரமான பக்கத்தின் நகல் கோப்பில் இருக்க வேண்டும். அச்சில் வராத ஆதாரம் என்றால், ஒரு கடிதமோ பேட்டியோ என்றால், அடிக்குறிப்பில் ‘இதழின் கோப்பில் உள்ளது’ என்று போடுவார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், கோப்பம்மா அலமாரியைத் திறந்து காட்டுவாள் என்று அதற்கு அர்த்தம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதில் கோப்பம்மாவுக்கு லேசான மனத்தாங்கல்கூட உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் தலைவலி ஆரம்பித்தது. அவள் தெருமுனையில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் யாரோ ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புதிய போக்குவரத்துச் சட்டத்தின்படி இந்த நிறுத்தம் அடுத்த மாதம் எடுக்கப்படுகிறது. முதியவர் ஒருவர் நிற்காமல் நடக்கக்கூடிய தூரம் அறுநூற்றைம்பது மீட்டர் என்று சட்டத்தின் இணைப்பு சொல்கிறது. அடுத்த நிறுத்தம் அறுநூற்று நாற்பது மீட்டரில் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம். பத்து மீட்டர் மிச்சம் வேறு விட்டிருந்தார்கள், பெரிய மனசு.

கோப்பம்மாவுக்குப் பதினான்கு வயது மூத்தவள் அவளுடைய அக்கா. எழுபத்திரண்டு வயது. இரண்டு பேருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர்தான். அக்கா தையற்கடையில் முப்பது வருடம் பொத்தான் துளை தைத்தவள். இன்றைக்கும் தினமும் காலையில் அந்தக் கடைக்குப் போய் இரண்டு சட்டைக்குத் துளை போட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்க வாயடித்துவிட்டு வருவாள். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தத்துக்கு நாற்பதடி. அந்த நாற்பதடிக்கே கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு நிமிடம் எடுப்பாள். நிறுத்தம் போனால் அக்கா ஜன்னலோடு ஜன்னலாக உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

“யாருடி இந்தக் கணக்கைப் போட்டது?” என்றாள் அக்கா, அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு. “அவன் கால்ல ஒரு அம்மிக்கல்லைக் கட்டி நடக்க விடணும்.”

“கார்ல போறவனா இருப்பான். அவனுக்கென்ன தெரியும்?” என்றாள் கோப்பம்மா. முகம் தெரியாத அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பேருந்தில் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இந்த வருஷத் தலை அவள் மேசைக்கு வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற பெண். ஒரு காற்புள்ளிக்காக மூத்த வழக்கறிஞர் ஒருவரோடு நாலு கடிதம் பரிமாறிக்கொண்டவள். அடுத்த இதழுக்கு வந்திருந்த ஒரு கட்டுரை அந்தப் புதிய போக்குவரத்துச் சட்டத்தைப் பற்றியது. அவள் அடிக்குறிப்பு ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

“அம்மா, சட்டத்துல அறுநூத்தைம்பது மீட்டர்னு ஒரு நம்பர் இருக்கு. எங்கிருந்து வந்ததுன்னு பாத்தா, ஆலோசனைக் குழு அறிக்கையைக் காட்டுது. அறிக்கைக்குப் போனா அது நம்ம இதழைக் காட்டுது. ஒன்பது வருஷத்துக்கு முந்தின இதழ், நாப்பத்து மூணாவது அடிக்குறிப்பு. அதுல கள ஆய்வுன்னு எழுதி, ‘இதழின் கோப்பில் உள்ளது’ன்னு போட்டிருக்கு. எடுத்துக் குடுங்களேன்.”

கோப்பம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒருத்தி கேட்டுவிட்டாள்! சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே எழுந்தாள். நம்முடைய இதழிலா அந்தப் பாழாய்ப்போன எண் இருக்கிறது, யார் போட்டானோ, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஏழாவது அலமாரியைத் திறந்தாள். பழுப்பு உறை. உள்ளே எண்வரிசையாகக் காகிதங்கள். நாற்பத்து மூன்றாவதை உருவினாள்.

பழைய அச்சுப்படி ஒன்றின் பின்பக்கம், அவளுடைய சொந்தக் கையெழுத்து.

‘அக்கா. செவ்வாய் காலை. வீட்டிலிருந்து தபால் நிலையம் வரை. 650 மீட்டர். (சுவர் வரைபடத்தில் நூல் வைத்து அளந்தது.) ஓரிடத்திலும் நிற்கவில்லை. அவளே சொன்னது.’

கோப்பம்மா பேயறைந்தவள் போல நின்றாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் கையெழுத்தை இன்னொருத்தி கையெழுத்தைப் போல உற்று உற்றுப் பார்த்தாள்.

“கிடைச்சுதாம்மா?” என்றாள் தலை.

“இல்லம்மா. உறை மாறியிருக்கு போல. தேடி நாளைக்குத் தரேன்.”

அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்ன வேகத்தில் அவளே திடுக்கிட்டாள்.

மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. அந்த வருடம் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று மாதமாகியும் கட்டிலை விட்டு எழுந்திருக்க முரண்டு பிடித்தாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கோப்பம்மா வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அக்காவைக் காணவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவள் வாசலில் நின்றபோது, அக்கா தெருவில் வந்துகொண்டிருந்தாள். “தபால் நிலையம் வரைக்கும் போய்ட்டு வரேன்டி. ஓரிடத்துல நிக்கல தெரியுமா!” என்றாள். கோப்பம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு அலுவலகத்தில் போய் முதல் வேலையாகக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். சுவரில் தொங்கிய நகர வரைபடத்தில் நூலை வைத்து, அக்கா எவ்வளவு தூரம் நடந்தாள் என்று அளந்து பார்த்தாள். யாருக்காகவும் இல்லை, ஆசைக்காக.

அதே மதியம் அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரையில் ஓரிடம் காலியாக இருந்தது. பொதுச் சேவைகள் வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கலாம் என்பது பற்றிய கட்டுரை. முதியவர் நிற்காமல் நடக்கும் தூரம் இவ்வளவு என்று ஒரு வரி. ‘இவ்வளவு’ எவ்வளவு என்பதை எழுதியவர் விட்டுவிட்டார். அந்த வருஷத் தலை, நல்ல பையன்தான், அவசரக்குடுக்கை, “ஏதாவது ஒரு நம்பர் போட்டு வைங்கம்மா, மெய்ப்பு வரும்போது மாத்திக்கலாம்” என்றான். கோப்பம்மாவின் நாக்கு நுனியில் ஓர் எண் தயாராக இருந்தது. விதிப்படி காகிதமும் எழுதி உறைக்குள் வைத்தாள். மெய்ப்பு வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அடிக்குறிப்பு இருக்கிறது, கோப்பில் காகிதம் இருக்கிறது என்று பட்டியலில் சரி போட்டார்கள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தவர் யாருமில்லை.

அந்தத் தலை இப்போது அரசாங்கத்தில் சட்டம் எழுதும் துறையில் பெரிய ஆள். கோப்பம்மா அவனோடு தொலைபேசியில் பேசினாள்.

“அந்தக் குழு அறிக்கையா? நான்தாம்மா எழுதினேன்!” என்றான் பூரிப்போடு. “நம்ம இதழையே மேற்கோள் காட்டியிருக்கேன், பாத்தீங்களா?”

“பாத்தேன்பா. அந்த அறுநூத்தைம்பது யாரு சரிபார்த்தது?”

“இதழ்ல வந்ததும்மா. இதழ்காரங்க சரிபார்த்திருப்பாங்க.”

“அப்ப இதழ்காரன் நீதானேப்பா?”

“அப்படின்னா நான் பாத்திருப்பேன்” என்றான் இழுத்தாற்போல. “கோப்புல இருக்குன்னு போட்டிருக்கே, அப்ப இருக்கும்தானே? இருக்கில்ல?”

“இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

அதுதான் அவளைக் குழப்பியது. இல்லை என்றால் திருட்டு என்று சொல்லிவிடலாம். இருக்கிறதே! விதியை மீறினோமா என்றால் இல்லை. காகிதம் கேட்டார்கள், காகிதம் வைத்தாள். அதில் எழுதியிருப்பது பொய்யா என்றால் அதுவும் இல்லை. அக்கா நடந்தது உண்மை. கோப்பம்மாவும் உண்மையாக நடந்துகொண்டாள், அந்தப் பையனும் நம்பித்தான் எழுதினான், குழுவும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டது. ஒருவரும் தப்புப் பண்ணாமல் எப்படி அக்காவின் நிறுத்தம் பறிபோகும்? பேருந்தில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தையே தாண்டிப்போய், இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்து வந்தாள். காரில் போகிறவன் என்று முந்தின நாள் காலையில் திட்டிய அந்த ஆள் தான்தான் என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இதழின் மானம் தப்பும், தன் மானமும் தப்பும். அக்கா ஜன்னலில் உட்காருவாள். புதன்கிழமை காலை கோப்பம்மா அந்தக் காகிதத்தைத் தலையின் மேசையில் வைத்தாள்.

தலை படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“கள ஆய்வுல மொத்தம் எத்தனை பேரும்மா?”

“ஒருத்தி.”

“யாரு?”

“எங்க அக்கா.”

தலைக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது என்று தெரிந்தது, இருமிச் சமாளித்தாள். பிறகு முகம் வெளுத்துவிட்டது. “நாடு முழுக்க நிறுத்தத்தை எடுக்கறாங்கம்மா” என்றாள் மெதுவாக. இதழில் திருத்தம் போடலாம் என்றால், எதை எதுவாகத் திருத்துவது? அறுநூற்றைம்பது தப்பு என்று சொல்ல அவர்களிடம் காகிதம் இல்லை. சரி என்று சொல்லத்தான் ஒரு காகிதம் இருக்கிறது. கடைசியில், வியாழக்கிழமை விசாரணைக்கு அந்தக் காகிதத்தோடு போய், இவ்வளவுதான் ஆதாரம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா சட்டைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் நடையா சட்டத்துல இருக்கு?” என்றாள் கடைசியில்.

“ஆமாக்கா. மன்னிச்சுக்கோ.”

“நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்கறே?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். எட்டு மணிக்குள் படுத்தும்விட்டாள். இதுவும் கோப்பம்மாவுக்குப் புரியவில்லை.

போக்குவரத்து அலுவலகத்தின் கூடத்தில் நாற்பது பேர் வரிசைச்சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழைத்தபோது கோப்பம்மா, தலை, அக்கா மூவரும் எழுந்தார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிற அம்மாள். தலை விளக்கினாள், சட்டக் கல்லூரி பாஷையில் ஆரம்பித்துப் பாதியில் சாதாரணப் பேச்சுக்கு இறங்கினாள். அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“ஆதாரம் ரொம்ப ஒல்லியாத்தான் இருக்கு” என்றார். “ஆனா எண்ணை மாத்தறது என் கையில இல்ல. ஆதாரம் போதாதுன்னு நீங்க சொல்றீங்க. தப்புன்னு யாரும் சொல்லலையே? இதுல நிக்கலன்னு தெளிவா எழுதியிருக்கே. வேற காகிதம் இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினார்கள்.

“இந்த அக்கா யாரு?”

“நான்தாங்க” என்று கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தாள் அக்கா.

“அன்னிக்கு அவ்வளவு தூரம் நிக்காம நடந்தீங்களாம்மா?”

அக்கா தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. “நின்னேங்க” என்றாள். “ரெண்டு தடவை. கறிகாய்க் கடை வாசல்ல ஒரு தடவை உக்காந்தேன். கொஞ்ச நேரம் இல்ல, கடைக்காரர் தண்ணி குடுத்து எழுப்பற வரைக்கும். தபால் நிலையம் வரைக்கும் நான் போகவே இல்ல. பாதியிலயே திரும்பிட்டேன்.”

கூடம் அப்படியேதான் இருந்தது, யாரோ தும்மினார்கள், யாருடைய குழந்தையோ அழுதது. கோப்பம்மாவுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. ஒன்பது வருடமாக அவள் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலை என்று நினைத்து வைத்திருந்த காலை அது.

அதிகாரி எழுதிக்கொண்டார். “இதை இதழ்ல திருத்தமா போட்டு, அச்சுப்பிரதியோட வாங்க. மேல அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் உங்க நிறுத்தத்தை எடுக்க வேண்டாம்னு எழுதறேன். மத்த நிறுத்தத்துக்கு என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. மேல என்ன சொல்வாங்கன்னும் எனக்குத் தெரியாது.”

வெளியே வந்ததும் கோப்பம்மா எகிறினாள். நிறுத்தம் தற்காலிகமாகவாவது பிழைத்தது என்ற சந்தோஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

“ஏன்க்கா பொய் சொன்னே? எங்கிட்டயே? நான் அதை நம்பி, எழுதி, சட்டமே போட்டுட்டாங்க!”

அக்கா படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். பத்துப் படி இறங்கியதற்கே மூச்சு வாங்கியது.

“ஊசி தேடி உன் கைப்பையைத் துழாவினேன்டி அன்னிக்கு” என்றாள். “வேலையை விடறேன்னு எழுதின கடுதாசி இருந்தது. எனக்காக. உனக்கு அந்த அறை எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் நடந்துட்டேன்னு சொன்னா நீ அதைக் கிழிப்பேன்னு நினைச்சேன். நீயும் கிழிச்சே.”

கோபித்துக்கொள்வதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று கோப்பம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பொய் இல்லையென்றால் அவள் அந்த அறையில் இருந்திருக்க மாட்டாள். அறையில் இருந்திராவிட்டால் அந்தப் பொய் சட்டத்துக்குள் போயிருக்காது. இதில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொன்று கூடவே வந்தது. தலை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த வழித்தட அட்டவணையை மும்முரமாகப் படிப்பது போல பாவனை செய்தாள். கடைசியில் கோப்பம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அங்கேயே அரை மணி நேரம் இருந்தார்கள்.

திங்கட்கிழமை கோப்பம்மா திருத்தத்தைத் தட்டச்சு செய்தாள். விதி விதிதான், முதலில் காகிதம் எழுதினாள். அக்கா சொன்னது, வியாழக்கிழமை, போக்குவரத்து அலுவலகத்தில். இரண்டு முறை நின்றாள். ஒரு முறை உட்கார்ந்தாள். பாதியிலேயே திரும்பினாள். கீழே அக்காவின் கையெழுத்து, கோணல்மாணலாக. அதைப் பழைய காகிதத்தின் பின்னால் வைத்துக் கிளிப் போட்டாள்.

தலை மெய்ப்பைப் படித்தாள். வழக்கம்போல ஓர் இடத்தில் பேனா நின்றது.

“அம்மா, முன்னாடி நிக்கலன்னு சொன்னவங்க இப்ப நின்னேன்னு ஏன் சொல்றாங்கன்னு ஒரு வரி வேணாமா? படிக்கிறவங்க காரணம் கேப்பாங்களே. கோப்புல அதுக்கு ஒண்ணுமே இல்லையே.”

கோப்பம்மா அலமாரியைப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டாள், முன்பு அந்தக் கடிதம் கிடந்த அதே பைக்குள்.

“கோப்புல இல்லதாம்மா” என்றாள். “அது எங்கிட்ட இருக்கு.”